அரை வாட் எவ்வளவு தூரம் போகும்?

சிம் அட்டையும் செல்பேசிக் கோபுரமும் மாதக் கட்டணமும் இல்லாமல், ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு வானொலி அலை வழியே பேச்சை நேரடியாகக் கொண்டுசேர்க்கும் கையடக்கக் கருவியே பொதுவழக்கில் வாக்கி டாக்கி எனப்படுகிறது. காவலர் தோளிலும் அடுக்குமாடிக் காவலாளியின் இடுப்பிலும் மட்டுமே காணப்பட்டுவந்த இக்கருவி, இன்று மலையேறும் நண்பர் குழு, இரண்டு மூன்று கார்களில் சேர்ந்து பயணம் போகும் குடும்பம், தோப்பின் ஒரு கோடியில் மோட்டாரும் மறுகோடியில் மடையும் வைத்திருக்கும் விவசாயி, திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஊர் இளைஞர்கள் எனப் பலரும் சொந்தமாக வாங்க நினைக்கும் பொருளாகிவிட்டது. அவ்வாறு வாங்க நினைப்பவர் கடையிலோ இணைய விற்பனைத் தளத்திலோ முதலில் கேட்பது, இது எத்தனை கிலோமீட்டர் எடுக்கும் என்பதுதான். இக்கேள்விக்கு அட்டைப்பெட்டி தரும் விடையை நம்பி வாங்குவதாலேயே பலருக்குப் பணம் வீணாகிறது. சில வேளைகளில் சட்டச் சிக்கலும் வந்து சேர்கிறது.

செல்பேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியும். வாக்கி டாக்கியிலோ ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பக்கவாட்டில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் கருவி அலையை வெளியே அனுப்பும்; விட்டால் கேட்கும் நிலைக்குத் திரும்பும். ஒருவர் பேசுவதை அதே அலைவரிசையில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்பது செல்பேசிக்கு எளிதில் வாய்க்காத வசதி. பத்துப் பேர் கொண்ட குழுவிடம், நில்லுங்கள், ஒருவர் பின்தங்கிவிட்டார் என்று சொல்ல, எண்ணைத் தேடி அழைக்க வேண்டிய தேவை இல்லை.

தூரம் பற்றிய குழப்பத்தைத் தெளிவாக்கும் பழைய சான்று ஒன்று உண்டு. பின்னாளில் மோட்டோரோலா எனப் பெயர் மாறிய அமெரிக்காவின் கால்வின் நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எஸ்.சி.ஆர்.-536 என்னும் கைக்கருவியைப் படைக்காகத் தயாரித்தது. ஏறத்தாழ 2.3 கிலோ எடையும் 0.36 வாட் ஒலிபரப்புத் திறனும் கொண்ட அக்கருவி, தரையில் சுமார் 1.6 கிலோமீட்டரும் உப்புநீர்ப் பரப்பின்மேல் சுமார் 4.8 கிலோமீட்டரும் எட்டும் என்று கணக்கிடப்பட்டது. கருவியும் பேட்டரியும் மாறவில்லை. நிற்கும் இடம் மாறியதும் எட்டும் தூரம் மூன்று மடங்காயிற்று. அக்கருவி இயங்கிய அலைவரிசை இன்றைய கருவிகளின் அலைவரிசையிலிருந்து முற்றிலும் வேறானது என்றாலும், தூரத்தை முடிவுசெய்வதில் இடத்துக்கு உள்ள பங்கு இன்றும் குறையவில்லை.

இன்றைய கையடக்கக் கருவிகள் பயன்படுத்தும் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமி வளைந்திருப்பதால் தொடுவானத்துக்கு அப்பால் அவை இறங்கிச் செல்வது மிகக் குறைவு. வளிமண்டலத்தில் சற்றே வளைவதால் கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம் போகின்றன, அவ்வளவுதான். ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து வானொலித் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்திருக்கும் ஒருவருக்கு இது சுமார் 5 கிலோமீட்டர். எதிரில் பேசுபவரும் அதே உயரத்தில் பிடித்திருந்தால் இருவருக்கும் இடையே மொத்தம் 10 கிலோமீட்டர் வரும். மரமோ கட்டடமோ மேடோ குறுக்கே இல்லாத சமவெளியில்கூட இதுவே ஏறக்குறைய எல்லை. சேற்றுவயலும் தென்னந்தோப்பும் ஓட்டுவீடுகளும் நிறைந்த உண்மையான ஊரில் இதில் சிறு பகுதியே கையில் கிடைக்கும். நெருக்கமான நகரத் தெருக்களில் அரை வாட் கருவிகள் ஒரு கிலோமீட்டருக்கு உள்ளாகவே தடுமாறத் தொடங்குவதும், கம்பிகட்டிய கான்கிரீட் தளங்கள் நான்கைந்தைத் தாண்டுவதற்குள் பேச்சு உடைந்துபோவதும் இயல்பானவை.

ஆனால் 100 மீட்டர் உயரக் குன்றின்மேல் நிற்பவருக்கு இதே கணக்கின்படி தொடுவானம் 41 கிலோமீட்டராக விரிகிறது. குன்றின் உச்சியிலிருந்து, இடையில் எந்தத் தடையும் இல்லாத பள்ளத்தாக்கைத் தாண்டி, எதிர்க்குன்றில் நிற்பவரோடு பேசும் நிலையை வைத்தே அமெரிக்கச் சந்தைக் கருவிகளின் பெட்டிகளில் 35 மைல், அதாவது 56 கிலோமீட்டர் என்று அச்சிடப்படுகிறது. அந்த எண் பொய் என்று சொல்லிவிட முடியாது. வாங்குபவர் தம் வாழ்நாளில் நிற்கப்போகாத இடத்துக்குரிய எண் என்பதே சரியான விளக்கம். ஒரே பெட்டியில் நகரத்துக்கு ஒரு தூரமும் திறந்தவெளிக்கு ஒரு தூரமும் எனத் தனித்தனியே அச்சிடும் தயாரிப்பாளரை ஓரளவு நம்பலாம்.

திறனைக் கூட்டினால் தூரம் கூடாதா என்ற ஐயம் அடுத்து எழும். கூடும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடாது. தடையே இல்லாத வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு திறன் வேண்டும். கட்டடங்களும் மரங்களும் நிறைந்த இடங்களில் அலை இன்னும் வேகமாகத் தேய்வதால், தூரத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ 16 மடங்கு திறன் தேவைப்படுவதாகப் பொறியாளர்கள் கணக்கிடுவர். இதன்படி அரை வாட் கருவிக்குப் பதிலாகப் பத்து மடங்கு திறனுள்ள 5 வாட் கருவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், தூரம் இரண்டு மடங்குகூடத் தேறாது. பேட்டரியோ பேசும்போதெல்லாம் பல மடங்கு வேகமாகக் கரையும். இடையில் ஒரு பாறை முகடு இருந்துவிட்டால் 5 வாட்டும் அரை வாட்டும் ஏறக்குறைய ஒரே கதிதான்.

கொல்லிமலைக்கு ஏறும் பாதை இதை நன்றாகக் காட்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அப்பாதையில் முன்னால் போகும் கார், பின்னால் வரும் காருக்கு நேர்மேலே சில நூறு மீட்டரில் இருக்கக்கூடும். ஆனால் இரண்டுக்கும் நடுவே மலையின் உடம்பே குறுக்கே கிடக்கும். ஒரு வளைவில் தெளிவாகக் கேட்ட குரல் அடுத்த வளைவில் அடியோடு மறைந்து, அதற்கடுத்த வளைவில் மீண்டும் வருவதைக் கருவியின் பழுதாக எண்ணிவிடக் கூடாது. காரின் உலோகக் கூடும் அலையைத் தடுப்பதால், கருவியை மடியில் வைத்துப் பேசுவதைவிடக் கண்ணாடி ஓரமாக உயர்த்திப் பிடித்துப் பேசுவது பயன் தரும். பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் ஏறும் கோவை வெள்ளியங்கிரி மலையிலும் இதே நிலைதான். ஏழு மலைகளும் மடிப்பு மடிப்பாக அமைந்திருப்பதால், குழுவின் முன்னணியில் ஏறுபவரும் கடைசியில் வருபவரும் வெவ்வேறு மடிப்புகளில் சிக்கியிருந்தால் நேராகப் பேசிக்கொள்ள முடியாது. மூன்றாவது கருவி ஒன்றை முகட்டில் நிற்பவரிடம் கொடுத்து, அவர் கீழிருந்து கேட்டதை மேலே திருப்பிச் சொன்னால் வேலை முடிந்துவிடும். மலைக்குப் போகிறவர்கள் திறன் கூடிய இரண்டு கருவிகளைவிடச் சாதாரணக் கருவிகள் மூன்றை வாங்குவது மேல் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

திறனைவிட முக்கியமானது ஆன்டெனா. வானொலி அலையின் நீளத்தில் கால்பங்கு நீளமுள்ள ஆன்டெனா நன்றாக வேலை செய்யும் என்பது பொது விதி. தனிப்பட்ட பயன்பாட்டுக் கருவிகள் பெரும்பாலும் இயங்கும் 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அலையின் நீளம் சுமார் 67 சென்டிமீட்டர். கால்பங்கு 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மெகாஹெர்ட்ஸ் என்பது அலை ஒரு நொடிக்கு எத்தனை பத்து லட்சம் முறை அதிர்கிறது என்பதன் அளவு. சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஐந்தாறு சென்டிமீட்டர் குச்சியாகச் சுருக்கப்பட்ட ஆன்டெனா, உள்ளே சுருள்கம்பியாக அமைந்திருந்தாலும், முழுக் கால்பங்கு ஆன்டெனாவுக்கு ஈடாவதில்லை. ஆகவே ஒரே திறனுள்ள இரண்டு கருவிகளில் நீண்ட ஆன்டெனா உள்ளதைத் தேர்வது பொதுவாகச் சரியாக இருக்கும். பேசும்போது கருவியை முகத்துக்கு முன் நிமிர்த்திப் பிடிப்பதும் அதே அளவு முக்கியம். இடுப்பில் செருகிய நிலையில் மனித உடலே அலையை உறிஞ்சிவிடுகிறது. கருவியைச் சாய்த்துப் பிடித்தால், நிமிர்ந்து நிற்கும் எதிர்க்கருவியின் ஆன்டெனா அந்த அலையை முழுமையாக ஏற்பதில்லை.

இந்தியாவில் வாங்குபவருக்குத் தூரத்துக்கும் முந்தைய கேள்வி சட்டம் பற்றியது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் வானொலி ஒலிபரப்புக் கருவியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதை உடைமையாக வைத்திருப்பதையே தடைசெய்தது. பழைய தொலைத்தொடர்புச் சட்டங்களுக்கு மாற்றாக நிறைவேற்றப்பட்ட 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவியை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்னும் அடிப்படையைத் தொடர்கிறது. பேசவே இல்லை, அலமாரியில்தான் வைத்திருந்தேன் என்பது இங்கே விடையாகாது. இந்தக் கடுமைக்கு இடையில் பொதுமக்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. குறைந்த திறனுள்ள குறுந்தூரக் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்து மத்திய அரசு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகள், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைத் தனிமனிதப் பயன்பாட்டுக்கு விட்டுக்கொடுத்துள்ளன. இவ்வரிசைக்குள் அரை வாட்டுக்கு மிகாமல் இயங்கும் கருவியை வைத்திருக்கவும் பேசவும் உரிமம் தேவையில்லை.

இந்த அரை வாட் என்பது ஆன்டெனாவிலிருந்து வெளியே பரவும் திறனைக் குறிப்பதால், கருவியை வாங்கிய பின் பெரிய ஆன்டெனாவைப் பொருத்தித் தூரத்தைக் கூட்ட முயல்வது, கருவியை விலக்கின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடக்கூடும். ஆன்டெனா நீளத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்று மேலே சொன்னது தயாரிப்பிலேயே அமைந்து அங்கீகாரம் பெற்ற ஆன்டெனாவைப் பற்றியது. விலக்கு பெற்ற இவ்வரிசையில் கிடைக்கும் இடம் 0.2 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஒரு சேனலுக்கு 12.5 கிலோஹெர்ட்ஸ் என்று பிரித்தால் 16 சேனல்கள் வரும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அதே வரிசை இது என்பதால், அங்கே வடிவமைக்கப்பட்ட கருவிகள் இந்திய விதிக்கும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

உரிமம் தேவையில்லை என்பதால் எந்தக் கருவியும் செல்லும் என்று பொருளாகாது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு, ஒவ்வொரு மாதிரிக்கும் கருவி வகை அங்கீகாரம் வழங்குகிறது. சுருக்கமாக இ.டி.ஏ. என்று வணிகர்கள் குறிப்பிடும் இந்தச் சான்று, அக்கருவி சொன்ன அலைவரிசையிலும் சொன்ன திறனிலும்தான் இயங்குகிறது என்பதற்கான ஆவணம். இணையத்தில் இச்சான்று இல்லாத கருவிகளும், உரிமம் தேவைப்படும் அலைவரிசைகளில் இயங்கும் கருவிகளும் பொம்மை விற்பதுபோல் விற்கப்பட்டுவந்த நிலையில், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதத்தில் இணைய வணிகத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. அதே மாதத்தில் வாக்கி டாக்கி உள்ளிட்ட வானொலிக் கருவிகளின் சட்டவிரோத விற்பனையைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. விற்பனைப் பக்கத்தில் அலைவரிசை, உரிமத் தேவை, வகை அங்கீகாரம் ஆகியவை தெளிவாகக் குறிப்பிடப்பட வேண்டும் என்பதே அவற்றின் சாரம். நுகர்வோருக்கு இது நல்ல ஆயுதம். அலைவரிசை 446.0 முதல் 446.2 என்று எழுதப்படாமல் வெறும் நீண்டதூர யு.எச்.எஃப். என்று மட்டும் எழுதப்பட்ட பொருளை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுவதே முறை.

குறைந்த விலையில் மிகப் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகையைத் தனியே சொல்ல வேண்டும். பாவ்ஃபெங் நிறுவனத்தின் யு.வி.-5ஆர் போன்ற சீனத் தயாரிப்புகள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அகன்ற வரிசையிலும் 4, 5 வாட் திறனில் ஒலிபரப்ப வல்லவை. கருவி என்ற அளவில் இவை திறமையானவை. தரும் வசதிக்கு விலையும் வியப்பூட்டும் அளவு குறைவு. ஆனால் அந்த அகன்ற வரிசைக்குள்தான் காவல்துறை, வனத்துறை, துறைமுகம், உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றின் அலைவரிசைகளும் அடங்குகின்றன. விசைப்பலகையில் தவறான எண்களை அழுத்திப் பேசத் தொடங்குபவர், தாம் யாருடைய அவசரப் பேச்சின்மேல் ஏறி நிற்கிறோம் என்பதை அறியவே மாட்டார். 446 மெகாஹெர்ட்ஸை இக்கருவியில் பதிவுசெய்துகொண்டால் போதுமே என்று சிலர் வாதிடுவர். அதன் திறன் அரை வாட்டைத் தாண்டுவதாலும், வரிசைக்கு வெளியே ஒலிபரப்ப முடிவதாலும், விலக்கின் பாதுகாப்பு அதற்குக் கிடைக்காது. காட்டுப்பகுதியில் சோதனைக்கு நிறுத்தப்படும்போது இந்த வேறுபாடு மிகவும் கூர்மையாக உணரப்படும்.

இத்தகைய கருவிகளை முறையாகப் பயன்படுத்த விரும்புவோருக்கு அமெச்சூர் வானொலி என்னும் நேர்வழி இருக்கிறது. ஹாம் ரேடியோ என்று பரவலாக அறியப்படும் இத்துறையில், தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறியவருக்கு உரிமமும் வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறியீடும் வழங்கப்படுகின்றன. 12 வயது நிறைந்தவர் தேர்வு எழுதலாம். மோர்ஸ் குறியீடு தெரியாதவர்களுக்கும் தனி நிலை உரிமம் உண்டு. 144 முதல் 146, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரிசைகளில் உரிமம் பெற்றவர் கையடக்கக் கருவியால் பேசலாம். உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்டு, கேட்ட பேச்சை உடனே மறுஒலிபரப்புச் செய்யும் ரிப்பீட்டர் நிலையம் ஒன்று அருகில் இருந்தால், கைக்கருவியின் தூரம் பல பத்துக் கிலோமீட்டராக நீளும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது, அமெச்சூர் வானொலிப் பயணமாக போர்ட் பிளேயரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, அந்தமானின் மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில் செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டுசேர்த்தது. அப்பணியில் பயன்பட்டவை நெடுந்தூர நிலையங்கள். எனினும் பொழுதுபோக்காகக் கற்ற கலை ஊருக்கு உதவியதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. தேர்வு எழுதும் பொறுமை உள்ளவர்கள் குடும்பத்தில் ஒருவருக்கு மேல் இருந்தால், இந்த வழி வாக்கி டாக்கி வாங்குவதைவிடப் பல மடங்கு பயன் தரும். ஆனால் வணிகப் பேச்சுக்கு இதில் இடமில்லை. தோப்பு வேலைக்கும் கடை வேலைக்கும் இந்த உரிமம் உதவாது.

அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ வாழும் உறவினர் ஊருக்கு வரும்போது பரிசாக வாங்கிவரும் கருவிகள் இன்னொரு சிக்கல். அமெரிக்கக் குடும்ப வானொலிச் சேவைக் கருவிகள் 462, 467 மெகாஹெர்ட்ஸ் வரிசைகளில் 22 சேனல்களில் இயங்குபவை. அந்நாட்டில் அவற்றுக்கு உரிமம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் பொதுமக்கள் வரிசை 476, 477 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வரை அனுமதிக்கிறது. இவ்விரண்டும் இந்தியாவின் 446 வரிசைக்கு வெளியே இருப்பதால், அங்கே குழந்தைகள் விளையாடும் கருவி இங்கே உரிமமற்ற ஒலிபரப்பியாகிவிடுகிறது. இங்கே வாங்கிய கருவியை அங்கே கொண்டுபோனாலும் அதே சிக்கல் எதிர்த்திசையில் எழும். அன்போடு தரப்படும் பொருள் என்பதற்காக இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. உறவினரிடம் முன்கூட்டியே அலைவரிசை எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

கடலோர மாவட்டங்களில் இன்னொரு தவறான எண்ணமும் நிலவுகிறது. படகுகளில் உள்ள கடல்சார் வி.எச்.எஃப். கருவி 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசையில் இயங்குவது. அதன் 16ஆம் சேனலான 156.8 மெகாஹெர்ட்ஸ்தான் உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு ஒதுக்கப்பட்டது. கரையில் வாங்கிய 446 மெகாஹெர்ட்ஸ் கருவியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகும் ஒருவர், அருகில் நிற்கும் விசைப்படகையோ கடலோரக் காவல்படையையோ அதைக் கொண்டு அழைக்க முடியாது. கடலுக்குக் கடல்சார் கருவியே வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

அலைவரிசையும் திறனும் முடிவான பிறகு, விளம்பரங்கள் அடுத்துப் பெரிதாகக் காட்டுவது சேனல்களின் எண்ணிக்கை. 8 சேனல்களும் 38 ரகசியக் குறியீடுகளும் கொண்ட கருவியை 304 சேனல் கருவி என்று எழுதுவது வழக்கம். உண்மையில் சேனல்கள் எட்டே. குறியீடு எனப்படுவது, பேச்சோடு சேர்த்து அனுப்பப்படும், காதுக்குப் புலப்படாதபடி வடிகட்டப்பட்ட ஒரு தாழ்ந்த தொனி. ஏறத்தாழ 67 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான இத்தொனிகளில் ஒன்றை இரு கருவிகளிலும் ஒரேபோல் அமைத்தால், அத்தொனி வரும்போது மட்டும் கருவியின் ஒலிபெருக்கி திறக்கும். அதனால் அதே சேனலில் உள்ள வேறு குழுவின் பேச்சு இவர்கள் காதில் விழாது. ஆனால் இவர்கள் பேச்சு அவர்கள் காதில் விழாமல் இருக்க இது எவ்வகையிலும் உதவாது. குறியீட்டை அணைத்துவைத்திருக்கும் எவரும் எல்லாவற்றையும் கேட்கலாம். வங்கிக் கணக்கு எண்ணையோ வீட்டில் ஆளில்லை என்ற செய்தியையோ வாக்கி டாக்கியில் சொல்வது, தெருமுனையில் நின்று உரக்கச் சொல்வதற்கு ஒப்பானது. மேலும், இரண்டு குழுக்கள் ஒரே சேனலில் வெவ்வேறு குறியீடுகளை வைத்திருந்தால், ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேட்காததால் சேனல் காலியாக இருப்பதாக எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் பேசிவிடுவர், இரண்டும் சிதையும். சேனல் ஓய்வாக இருக்கிறதா என்று காட்டும் விளக்கு கருவியில் இருந்தால், பேசுவதற்குமுன் அதைப் பார்த்துக்கொள்வது இச்சிக்கலைப் பெரிதும் குறைக்கும்.

பேட்டரி விஷயத்தில் வாங்குபவர் சற்று நின்று யோசிப்பது நல்லது. பத்து மணி நேரம், பதினைந்து மணி நேரம் என்று சொல்லப்படும் அளவுகள் பெரும்பாலும், நேரத்தில் 5 விழுக்காடு பேசுவதும் 5 விழுக்காடு கேட்பதும் 90 விழுக்காடு சும்மா காத்திருப்பதுமாகக் கொண்டு கணக்கிடப்பட்டவை. திருவிழாப் பணியில் அந்த விகிதம் நிற்காது. கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியும், செல்பேசிக்குரிய யு.எஸ்.பி. வடத்தாலேயே சார்ஜ் ஏற்றும் வசதியும் உள்ள கருவிக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது. லித்தியம் பேட்டரிகளுக்குக் கடும் வெயில் பகை. சித்திரை மாதத்து மூடிய காருக்குள் நாள்முழுதும் விட்டுவைத்தால் அதன் ஆயுள் சுருங்கும். பல மாதங்கள் எடுக்காமல் வைப்பதானால் முழுதும் ஏற்றாமல், பாதி அளவில் நிறுத்தி வைக்க வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியிலும் இயங்கும் கருவிகளும் கிடைக்கின்றன. மின்சாரம் பல நாள் இல்லாத நிலைக்கு அவையே ஏற்றவை.

நீர் தாங்கும் தன்மை ஐ.பி. என்னும் குறியீட்டால் சொல்லப்படுகிறது. அதை அடுத்து வரும் இரண்டு இலக்கங்களில் முதலாவது தூசியையும் இரண்டாவது நீரையும் குறிக்கும், ஐ.பி.54 மழைத் தெறிப்பைத் தாங்கும், ஐ.பி.67 ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். உப்புநீருக்கு இந்த உறுதிமொழி பொருந்தாது. ஒலிபெருக்கியின் தரம் பெட்டியைப் பார்த்துத் தெரிவதில்லை. கடையில் வாங்குபவர் ஒரு கருவியைத் தெருவுக்கு அனுப்பி, பேருந்து இரைச்சலுக்கு நடுவே பெயர்களையும் எண்களையும் சொல்லச்செய்து கேட்பது நல்ல சோதனை. ஏழு, எட்டு என்பன பிரித்துக் கேட்காத கருவி மலையில் உதவாது. நனைந்த கையால் பொத்தானை அழுத்திப் பார்ப்பதும், விசைகள் தாமாக அழுந்தாமல் பூட்டும் வசதி உண்டா என்று பார்ப்பதும் இதனோடு சேரும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைச் சாய்த்தபோதும், மின்சாரம் நின்றதைத் தொடர்ந்து செல்பேசித் தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயிற்று. அத்தகைய நாட்களில் அரை வாட் கருவி வெளியூருக்குச் செய்தி அனுப்ப உதவாது. ஆனால் ஒரே தெருவின் இரு முனைகளையும், மாடியில் ஒதுங்கியவர்களையும் அடுத்த தெருவின் பால்கடையையும், முதியோர் உள்ள வீட்டையும் மருந்து வாங்கப் போனவரையும் இணைக்க அது போதும். அந்த அளவுத் தொடர்பே அப்போது பெரும் தேவையாக இருந்தது. இதற்காக வாங்குபவர்கள் அக்கம்பக்கத்து இரண்டு மூன்று வீடுகளோடு பேசி, ஒரே வரிசைக் கருவிகளை எல்லாரும் வாங்குவது முக்கியம். தயாரிப்பு நிறுவனம் வேறாக இருக்கலாம். 446 வரிசையின் அனலாக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும். டிஜிட்டல் முறைக் கருவியும் அனலாக் கருவியும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதில்லை என்பதால், அந்த ஒரு வேறுபாட்டை மட்டும் கவனித்தால் போதும். சேனல் எண்ணையும், குறியீடு வைப்பதா வேண்டாமா என்பதையும் மழைக்காலத்துக்கு முன்பே முடிவுசெய்து, கருவியின் பின்புறம் சிறு தாளில் எழுதி ஒட்டிவைக்கலாம். பேட்டரியைச் சேமிக்க, ஒவ்வொரு மணியின் முதல் ஐந்து நிமிடங்கள் மட்டும் எல்லாரும் கருவியை இயக்கிக் காத்திருப்பது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் தாங்கும் பேட்டரி பல நாட்களுக்கு வரும்.